புளியரை தாண்டி

செங்கோட்டைக் கூட்டத்தில்
மைதீன்பிச்சைக்கு விசில் பறந்தது.
நான் வாசிக்கையில்
மைக்செட்காரர் வயர் சுருட்டிக்கொண்டிருந்தார்.

'உப்பில்லாக் கண்ணீரும்
நீயில்லா நானும் ஒன்று.'
இதை எவன்தான் எழுதமாட்டான்?
புனலூர் பஸ்ஸில் திட்டிக்கொண்டே வந்தேன்.

செக்போஸ்ட்டில் நெடுநேரம்.
முன்னால் வைக்கோல் லாரி,
எம்சாண்ட் சிந்தும் டாரஸ்.
அதன் பின்பலகையில் அதே உப்பு.
கண்ணீருக்கு ஒரு சுழி குறைவு.
மைதீன்பிச்சை பெயரும் இல்லை.

பதினொரு மாதம் இழைத்த என் வரி
பையில், நோட்டுக்குள்.
ஒரு சொல் மிகை கிடையாது.

ஆரியங்காவு வளைவில்
மழை கண்ணாடியை அறைந்தது.
சொல்லிப் பார்க்க வாய் திறந்தேன்.

உப்பில்லாக் கண்ணீரும், என்றது வாய்.

பக்கத்து சீட் மலையாளி
திரும்பிப் பார்த்தார்.
நோட்டை எடுத்துப் புரட்டினேன்.
நல்ல வரிதான்.
இப்போதும் சொல்கிறேன்,
நல்ல வரிதான்.