அறிவிக்க ஏதேனும் உண்டா

அல்ஹெசிராஸ் துறைமுகம். லெவாந்தே காற்று
கப்பலைக் கட்டிப்போட்டு மூன்று மணி நேரம்.
ஊடுகதிர்த் திரையில் விலா எலும்புகள்:
கவிழ்த்த படகா, பெரிய மீனா?

"கிதாரா?" என்றான் எலாடியோ.
"அல் ஊத்" என்றாள் தெத்துவான்காரி ருகையா.
"லாவூத்" என்று படிவத்தில் எழுதினான்.
"எங்கள் 'அல்'லை உடைத்து
'ல்'லை மட்டும் வைத்துக்கொண்டீர்கள்.
அதற்கு யார் சுங்கம் கட்டுவது?"

வரிசையே சிரித்தது. நானும்.

அலமாரியிலிருந்து அவன் எடுத்த கிதாரில்
ஐந்தாம் தந்தி இல்லை.
அவனுடையதில் மெட்டுகள் உண்டு, அவளுடையதில் கிடையாது.
கழுகிறகால் அவள் மீட்டிய ஒரு ஸ்வரம்
இந்த மெட்டில் இல்லை
அடுத்ததிலும் இல்லை.
உள்ளே ஆள் இருக்கிறது, கதவைக் காணோம்.
தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தான்
இன்னும் கொஞ்சம்
நோகும் பல்லை நாக்கு தேடுவதுபோல்
தொட்டுவிட்டான்.

மோப்ப நாய் ஒரு காதை மட்டும் தூக்கியது.

படிவத்தில் 'மதிப்பு' என்ற கட்டம்
காலியாகவே கிடந்தது.
யாரும் கேட்கவில்லை.

நள்ளிரவு தாண்டிக் கப்பல் ஊதியது.
பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு நகர்ந்தோம்.
எனக்கு இன்னும் சந்தேகம்:
அதுவும் அந்த
இரண்டு மெட்டுகளுக்கு நடுவில்தான்
ஊதியதோ என்று.