எழுத்துப்பிழைச் செம்பு

கையெழுத்து வாங்கிக்கொண்டு தபால்காரர் கேட்டார்:
"அமெரிக்காவுல ஆளிருக்கா மதினி?"

இருக்கிறான்,
தலை மட்டும்.
ஆயிரத்து எழுநூற்று எண்பத்தேழு,
கனெக்டிகட்.
மூக்குத் தேய்ந்து காதும் போய்
தோளில் கிடப்பது கவசமா துண்டா என்று
யாராலும் சொல்ல முடியாத ஆள்.

ரத வீதி நகைக்கடைத் தராசில் வைத்தேன்.
"பொன்னா?" என்றார் சங்கரநயினார்.
செம்பு என்றேன்.
விலையைச் சொன்னதும்
கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு
காசை விட்டுவிட்டு
என்னைப் பார்த்தார்.

ஆறு கிராம் எண்ணூறு மில்லி.
ஒன்பதுக்கு மேல் இருக்க வேண்டியது.
சர்க்கார் அச்சில் பிறந்ததில்லை;
அன்றைக்கே எவனோ
கதவைச் சாத்திக்கொண்டு அடித்த கள்ளக்காசு.
செம்பில் கை வைத்தவன்
எழுத்திலும் கோட்டை விட்டிருக்கிறான்:
ஆர் வரவேண்டிய இடத்தில்
கால் ஒடிந்து நிற்கிறது பி.
அந்தக் காலுக்குத்தான் ஒன்பதாயிரம்.

மறுபக்கம் உட்கார்ந்திருக்கும் பெண்ணைச் சுற்றி
இண்டே என்று ஓடுகிறது.
இந்தியா என்று வாசித்து
ஒரு பகல் முழுக்கச் சந்தோஷமாயிருந்தேன்.
லத்தீனாம். சுதந்திரத்தின் சுருக்கமாம்.
புரூஃப் பார்க்கிறவளே இப்படி வாசித்தால்.

கோடையில் குறுக்குத்துறையில்
கயிற்றில் காந்தம் கட்டி இழுக்கிற பையன்கள்
எட்டணா, ஒரு ரூபாய், ஆணி எடுப்பார்கள்.
செம்பு காந்தத்துக்கு வராது,
ஆற்றின் பெயரிலேயே இருந்தும்.
காலில் இடறினால்தான் உண்டு.
துட்டு என்ற சொல்லை நம்மிடம் விட்டுப்போன
டச்சுக்காரனின் துட்டு இரண்டு
அப்படித்தான் என்னிடம் வந்தது,
பையன்களுக்கு ஆளுக்கொரு சர்பத்துக்கு.

மூன்றையும் ஒரே டப்பாவில் வைத்திருக்கிறேன்.
அடியில் ஒரு கல்யாணப் பத்திரிகை.
முருகன்குறிச்சி அச்சகத்தில்
நான் சேர்ந்த இரண்டாம் மாதம்.
திருநிறைச்செல்வி ஆவுடைச்செல்வி
ஆடைச்செல்வி ஆகி
ஐந்நூறு பிரதி.
பெண்ணின் அப்பா கத்தவில்லை.
"என் மவ ஜவுளிக்கடையா தாயி?"
என்று மட்டும் கேட்டார்.
ராத்திரி முழுக்க 'வு' வெட்டி ஒட்டினோம்.
ஒட்டாத ஒன்றை
இடுப்பில் செருகிக்கொண்டு வந்தேன்.

கள்ளக்காசுக்காரா,
உனக்கு அன்றைக்கு யாரிடம் அடி விழுந்தது?
பிழை தெரிந்தும் செலவழித்தாயா,
இல்லை, உனக்கும்
எழுத்துக்கூட்டத் தெரியாத சந்தை வாய்த்ததா?

விடுபட்ட 'வு'வின் மேல்
காசை வைத்துப் பார்த்தேன்.
பெரிசாக இருக்கிறது.
பக்கத்து எழுத்துகளையும் சேர்த்து
மறைத்துவிட்டது.