எட்டு ஓம்

வெள்ளவத்தை, நாலாம் மாடி.
கடலோர ரெயில் போனால் யன்னலெல்லாம் அதிரும்.
அதற்கு எவரும் முறைப்பாடு வைப்பதில்லை,
எனக்கு வைத்தார்கள்.
கீழ்வீட்டு ஜெசிந்தாவுக்குக் களுபோவில ஆஸ்பத்திரியில்
இரவு டியூட்டி. பகலில் நித்திரை.

ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு வால்வ் ஆம்பை ஓட்ட முடியாது.
போக்கிடம் இல்லாத சத்தம்
ட்ரான்ஸ்ஃபோமரைத்தான் எரிக்கும்.

முதலாம் குறுக்குத்தெரு நவ்ஷாத்
வெறும் ரெசிஸ்டர் பெட்டியை நீட்டினான்.
"இதுவும் எட்டு ஓம்தான், விலை பாதி."
வாசித்துப் பார்த்தேன்.
எதைச் சொன்னாலும் ஓம், ஓம் என்கிற ஆளோடு
கதைத்த மாதிரி.

மற்றது பாரம். உள்ளே செப்புச் சுருள்.
தடித்த ஈ கம்பியை அடித்தால்
முரண்டு பிடிக்கிறது,
ஸ்பீக்கர்க் கூம்பு திமிறுமே, அப்படி.
உச்சத்துக்கு ஏற ஏற
வேறு ஒரு பிடிவாதம்.
வால்வுகளுக்கு வேலை வந்துவிட்டது.

இரண்டு மாதச் சம்பளம். தூக்கிக்கொண்டு 
நூறாம் இலக்க பஸ்ஸில் நின்றபடி வந்தேன்.

பகல் இரண்டு மணி.
ஹெட்ஃபோனுக்குள் முழு வீச்சு,
வெளியே கம்பியில் நகம் படும் ஓசை மட்டும்.
கைவைத்தால் பெட்டி சுடுகிறது.

பின்னேரம் படியில் ஜெசிந்தா மறித்தா:
"வாசிக்கிறதை விட்டுட்டீரோ?"
வாயைத் திறந்தேன்.
ரெயில் வந்தது.