நாற்பது கிலோ

சீசனில் ஒரு நாளைக்கு நூற்றைம்பது மூட்டையாவது
என் முதுகு வழியாகத்தான் லாரிக்குப் போகும்.
அப்படியும் புஜம் பன்னிரண்டரை அங்குலம்.
இரண்டு வருஷமாக.

நீடாமங்கலம் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில்
உரக்கடை மாடியில் நஜ்முதீனின் ஜிம்.
பூச்சிமருந்து வாடை படியேறி வரும்.
கொள்முதல் நிலையத்திலிருந்து நேரே போவேன்,
தலையில் உமித்தூசியோடு.
திங்கள் மார்பு, செவ்வாய் மார்பு,
புதனும் மார்புதான்; கண்ணாடி அதைத்தானே காட்டுகிறது.
கால் என்று ஒன்று இருப்பது
செருப்பு அறுந்தால்தான் ஞாபகம் வரும்.

மூவாயிரத்து இருநூறு கொடுத்து ஒரு டப்பா பவுடர்.
மேலே படத்தில் இருந்தவனுக்குக் கழுத்தே இல்லை.
எனக்கு வயிறு போனதுதான் மிச்சம்.
டப்பாவில் இப்போது கல்லுப்பு.

சாப்பாடா?
காலையில் பழையது, மதியம் குழம்புக்குச் சோறு,
ரசத்துக்குச் சோறு, மோருக்குச் சோறு,
ராத்திரி, மீந்த சோறு வீணாகக்கூடாதென்று சோறு.
சாம்பாரில் நீந்திய பருப்பை
ஒன்று இரண்டு என்று எண்ணிவிடலாம்.

நஜ்முதீன், பத்தாவதில் என்னோடு கணக்கில் தோற்றவன்,
ஒரு நாள் டம்பெல் துடைத்துக்கொண்டே கேட்டான்:
"மூட்டை எத்தனை கிலோடா?"
நாற்பது.
"போன வருஷம்?"
நாற்பது.
"அது வளரலே. நீ மட்டும் ஏன் வளரணும்?"

கோபம்தான் வந்தது.
கோரையாற்றுப் பாலம் தாண்டி சைக்கிளை நிறுத்தினேன்.
கதிர் சாய்ந்த ஈர வயலில், அறுப்புக்கு முன்னாலேயே,
யாரோ உளுந்து தெளித்துக்கொண்டிருந்தார்கள்.
நெல்லுக்கு மேல் நெல்லே போட்டால் மண் தாங்காது,
இடையில் ஒரு பயறு வேண்டும்.
பிறந்ததிலிருந்து பார்க்கிறேன்.
வயலுக்குத் தெரிந்தது என் வயிற்றுக்குத் தெரியவில்லை.

அப்புறம் சோறு ஒரு கரண்டி குறைந்தது; ஒரே ஒரு கரண்டி.
முளைகட்டிய பயறு, ஜிலேபிக் கெண்டை,
கூலி வந்தால் கால் கிலோ கோழி.
முட்டை நாலு. அதில் ஒன்று மகளுக்குப் போய்விடும்,
மூன்று என்றே எழுதிக்கொள்வேன்.

எழுதுவது நெல் ரசீதின் பின்பக்கம்.
முன்பக்கம் ஈரப்பதம் பதினாறு புள்ளி எட்டு,
பின்பக்கம் ஸ்குவாட் அறுபது, எட்டு தடவை.
அடுத்த வாரம் ஒன்பது.
அதற்கடுத்து அறுபத்திரண்டரை.
மழை. மகளுக்குக் காய்ச்சல். ஒன்றும் எழுதவில்லை.
மறுபடி அறுபது.

ஒரு செட் முடிந்தால் உட்காரப் பழகினேன்.
முன்பு அது சோம்பேறித்தனம்.
இப்போது கேட் விழுந்ததும் பாரை வைத்துவிட்டு,
கீழே ஹாரன் அடிப்பவர்களைப் பார்த்தபடி
ரயில் போகும்வரை மூச்சு வாங்குவேன்.
இஞ்சின் மாற்றுகிற நாளில் உடம்பு ஆறியே போகும்.

மூட்டை நாளில் ஜிம் இல்லை.
இதற்குத்தான் ரொம்பக் கஷ்டப்பட்டேன்.
கூலி வாங்கிய பாரமா, காசு கட்டிய பாரமா,
தசைக்கு அந்தப் பேதம் கிடையாது.
எட்டு மணி நேரத் தூக்கம் என்று நஜ்முதீன் சொன்னான்.
ஆறரைதான் முடிகிறது. கொசு.

ஏழு மாதம் கழித்து தில்லைநாயகி
தையல் மெஷினை நிறுத்திவிட்டு டேப்பை எடுத்தாள்.
பதின்மூன்றே கால்.
"மூச்சைப் பிடிக்காதீங்க," என்று மறுபடி அளந்தாள்.
பதின்மூன்றே கால்.

கல்யாணநாள் சட்டையைக் கொடுத்து
கையைப் பிரித்து விடச் சொன்னேன்.
உள்ளே துணி விட்டிருப்பாய் அல்லவா?

திருப்பிப் பார்த்தாள். சிரிப்பை அடக்கினாள்.
"விட்டிருக்கேன். கையிலே இல்லே.
ரெண்டு பக்கமும், தொப்பைக்கு."