நூற்று நாற்பது

பள்ளத்தூர்ச் சாலை. விடியக்காலை ஐந்தேகால்.
தார் இன்னும் இளகவில்லை.
ஏழு மணிக்கு மேல் கோலின் முள்
உள்ளே பதிந்துகொண்டு வர மறுக்கும்.

உமையாள் சக்கரப் பலகைகளில் ஏறி நிற்கிறாள்,
மூக்கையும் வாயையும் மூடிய ரப்பர், முதுகில் கருவி.
பால் கேன் சைக்கிளை ஓரங்கட்டிய ஒருவர்
"ஆஸ்பத்திரிக்கா?" என்கிறார்.

இல்லை, பனிக்கு.
இருபத்துநாலு வயதில் மொத்தம் பத்தொன்பது நாள்
பனியைப் பார்த்திருக்கிறாள்.
மிச்ச நாளெல்லாம் இந்தச் சாலைதான், இந்த வெக்கைதான்.

நான் பின்னால், மூன்று சக்கர ஸ்கூட்டரில்.
மடியில் அட்டை, அட்டையில் நோட்டு.
அவள் விடும் மூச்சை எண்ணாக்குவது என் வேலை.
இந்த வாரம் மூன்று ஜோடிக் கோல்கள்:
நூற்று முப்பது, முப்பத்தைந்து, நாற்பது.
அவள் உயரம் நூற்று அறுபத்தொன்று.

சமதரையில் மூன்றும் ஒன்றுதான்.
பேனாவே சலித்துப்போகும் அளவு ஒன்றுதான்.

கண்மாய்க் கரை ஏற்றத்தில்தான் கோல்கள் பேசத் தொடங்கின.

குட்டைக் கோலில் ஒவ்வொரு உந்தலுக்கும்
இடுப்பு மடிந்து நெற்றி முழங்காலுக்கு வருகிறது.
மடிந்த உடம்பை அப்புறம் அவளேதான் தூக்க வேண்டும்.
அந்தத் தூக்கலுக்குக் கூலி இல்லை,
சாலை அதைத் தூரத்தில் வரவு வைப்பதில்லை.

நெட்டைக் கோலில் கை நெற்றிக்கு மேலிருந்து இறங்குகிறது.
முதுகு பாதிக் கும்பிடோடு நின்றுவிடுகிறது.
முள் தரையை விடாமல் இன்னும் ஒரு கண்ணிமைப்பு.
நிமிடத்துக்கு, கிலோவுக்கு,
நாற்பத்தேழு மில்லிலிட்டர் குடித்த ஆக்சிஜன்
நாற்பத்தைந்துக்குக் கீழே.
அதே கரை, அதே வேகம்.
மூன்று காலை திருப்பிப் பார்த்தும் அதே கணக்கு.

அன்று இரவு
என் ஊன்றுகோலைக் கட்டிலில் கிடத்திப் பார்த்தேன்.
ஒன்பது ஓட்டை. ஆணி நாலாவதில்.
முகாமில் கொடுத்த ஆள் மாட்டிய நாலு.
பதினோரு வருஷமாக நான் அதைக் கேள்வி கேட்டதில்லை.
அலுமினியத்தில் ஆணியைச் சுற்றி
வெள்ளையாக ஒரு தழும்பு.

ஐந்தில் மாட்டி முற்றத்தைச் சுற்றினேன்.
தோள் காதுக்கு ஏறியது. அக்குள் எரிந்தது.
ஆனால் ஆறாவது சுற்றில்
வழக்கமாக வரும் அந்த இரைப்பு வரவில்லை.
முகமூடி இருந்திருந்தால் எண் தெரிந்திருக்கும்.
கருவியை எனக்கு மாட்டச் சொல்லிக் கேட்கக்
கூச்சமாக இருந்தது.

சனிக்கிழமை விதிப்புத்தகம் தபாலில் வந்தது.
இருகோல் உந்தலில், உயரத்தில்
நூற்றுக்கு எண்பத்துமூன்று பங்குக்கு மேல் கூடாது.
உமையாள் விரலை மடக்கிப் போட்டுப் பார்த்தாள்:
நூற்று முப்பத்துமூன்றே சொச்சம்.

"சோலை, உன் நோட்டு பூராவும் சரி.
ஆனா குல்மார்க்ல செல்லாது."

சிக்கந்தர் டீக்கடையில் கொதிக்கும் தண்ணீர் கேட்டோம்.
கைப்பிடியை அதில் முக்கினால் பசை விடும்.
"இதுல டீ போடக் கூடாதுப்பா" என்றார் சிக்கந்தர்,
யாரும் போடச் சொல்லாமலேயே.
பக்கத்து வெல்டிங் பட்டறையில் இரும்பு வாள்.
ஏழு சென்டிமீட்டர் கார்பன் குழல்
கரித்தூளாய் உதிர்ந்து கடைசியில் டக்கென்று விழுந்தது.
அதைப் பொறுக்கி ஊதினாள். சத்தம் வரவில்லை.

திங்கள்கிழமை கரை ஏற்றத்தில் மறுபடி மடிந்தாள்.
மடிந்தாள், தூக்கினாள், மடிந்தாள்.
நாற்பத்தாறு.
"மூச்சு கணக்குல உதைக்குது," என்றேன்.
"எல்லாருக்கும்தானே உதைக்கும்," என்றாள், "அங்க."

எனக்கு விதிப்புத்தகம் கிடையாது.
ஸ்கூட்டரிலிருந்து இறங்கும்போது
அவள் என் கோலையே பார்த்தாள்.
"ஒரு ஓட்டை ஏத்திட்டியா?"
"ம்."
"எத்தனை மிச்சம்?"

முகமூடியைக் கழற்றித்
தண்ணீர் ஊற்றிக் கழுவி
ஈரத்தோடு என் பக்கம் நீட்டினாள்.
வெயில் ஏற இன்னும் அரைமணி நேரம் இருந்தது.