பஃப் கை

தெக்லே தைக்கிற உடைகளில்
பாக்கெட்டுகளுக்குக் காரணம் கிடையாது.
ஒன்று, ஒரே ஒரு பிளம் பழத்துக்கு.
ஒன்று, தொலைந்துபோன சாவிக்கு,
கிடைத்தால் வைக்க.
முதுகுப் பக்கம், போட்டிருப்பவள் கைக்கு எட்டாத இடத்தில்
இன்னொன்று.
"அது மற்றவர்கள் எதையாவது போட்டுவிட்டுப் போக"
என்கிறாள், வாயில் நான்கு குண்டூசியோடு.

வாடகையில் பாதி நான் தருகிறேன்.
மருந்துக்கடையில் கணக்கெழுதுகிறவள் நான்,
பாதி வாடகைக்குப் பாதி அறை வர வேண்டும்.
வருவதில்லை.
என் கட்டில்மேல் பதினாறு மீட்டர் வலைத்துணி.
அதை ரோஜா நிறம் என்று சொல்லமாட்டாள்,
காய்ச்சல்கார குழந்தையின் காது நிறம் என்பாள்.
தேநீரில் நூல். சோப்பில் நூல்.
போன வாரம் ரொட்டியைப் பிட்டால்
உள்ளே ஒரு முத்துப் பொத்தான்.
சண்டை போட வாயைத் திறந்தேன்,
"ஐயோ, அதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்"
என்று கட்டிக்கொண்டுவிட்டாள்.

திபிலிசியில், மூடிப்போன ஒரு சோடாத் தொழிற்சாலையில்
அவளுடைய ஆறு உடைகள் நடந்தன.
வாத்து மாதிரி ஒரு வில்முடிச்சு,
நத்தை நத்தையாய்ச் சுருண்ட கழுத்து,
பூசணிக்காய் அளவுக்குத் தோளில் பஃப் கை.
பத்திரிகைக்காரர் ஒருவர் எழுதினார்:
மிட்டாய்த் தாள்.
அந்தச் சொல்லை அடுத்த பாவாடையின் விளிம்பில்
உள்பக்கமாகப் பூத்தையலில் எழுதிவைத்தாள்,
நல்ல கொட்டை எழுத்தில்.

மிலானிலிருந்து வந்த கொள்முதல்காரி
வில்முடிச்சை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தாள்.
இதை எடுத்துவிட்டு,
கையைச் சின்னதாக்கி,
கறுப்பில் கொடுத்தால் நாற்பது எடுத்துக்கொள்கிறேன்.
நாற்பது!
நான் மனதுக்குள் பெருக்கிவிட்டேன்,
எட்டு மாத வாடகை, ஒரு புது இஸ்திரிப் பெட்டி.
"கறுப்பில் அது தூங்கிவிடுமே" என்றாள் தெக்லே.
இரண்டு நாள் நான் அவளோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் சியாலா வந்தாள்.
மெட்ரோவின் அடியாழத்தில்
நகரும் படிக்கட்டு முடிகிற இடத்தில்
கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பவள்.
யாராவது விழுந்தால் சிவப்புப் பொத்தானை அழுத்த வேண்டும்.
பதினோரு வருடத்தில் நான்கு முறை அழுத்தியிருக்கிறாள்.
கதவு நிறையத் தோள்.
"படத்தில் பார்த்தேன். அந்தக் கை வைத்தது" என்றாள்,
வெட்கப்படாமல்.

போட்டுப் பார்த்தாள்.
முழங்கைக்கு மேல் ஏறவில்லை.
தெக்லே அளவெடுத்தாள், தப்பாக இருக்குமென்று
மறுபடி எடுத்தாள்.
அதுவரை அவள் தைத்ததெல்லாம்
மூலையில் நிற்கும் பஞ்சுப் பொம்மைக்கு.
பொம்மை மூச்சு விடுவதில்லை என்பதை
அன்றைக்குத்தான் கவனித்தாள் போலிருக்கிறது.
ராத்திரி முழுக்கத் தையல் பிரிக்கிற சத்தம்.
அக்குளில் முக்கோணம் கொடுத்தாள்,
பக்கவாட்டில் இரண்டு துண்டு ஒட்டினாள்.
பெரிய உடம்புக்குப் பெரிய பூசணி என்று
கையை இன்னும் ஊதவிட்டாள்.
மூன்று தவணை என்று நான் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

திங்கட்கிழமை வேலைக்கு இறங்குகிறேன்.
அந்தப் படிக்கட்டில் மேலிருந்து கீழே போக
இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும்.
பாதி வழியிலேயே தெரிந்துவிட்டது,
காய்ச்சல்கார குழந்தையின் காது.
சீருடைக் கோட்டு ஆணியில்.
ஒரு கை கண்ணாடியில் அப்பி நசுங்கியிருக்கிறது,
இன்னொன்று கூண்டுக்குள் கொள்ளாமல்
கதவைத் திறந்து வெளியே உட்கார்ந்திருக்கிறது.

தொழிற்சாலையில் நாங்கள் உட்கார்ந்திருந்தோம், உடை நடந்தது.
இங்கே உடை உட்கார்ந்திருக்க
வரிசையாய் இறங்கி வருகிறார்கள்
கறுப்புக் கோட்டுகள்,
ஒரு சிப்பாய்,
லீக் கட்டோடு ஒருத்தி,
வாயைத் திறந்தபடி ஒரு பையன்.
நிற்க முடியாது, திரும்ப முடியாது,
படிக்கட்டு விடாது.

தொலைபேசி மணியடித்து சியாலா திரும்பினாள்.
முதுகுப் பாக்கெட் புடைத்திருந்தது.
யாரோ எதையோ போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.
என்னவென்று எட்டிப் பார்ப்பதற்குள்
ரயில் வந்துவிட்டது.