காற்புள்ளிக்கு அடுத்த இருக்கை

நாற்பத்தோராம் கேள்வி:
"பழைய பேருந்தில் தூங்கியபடி, மலைகள் பின்னால் போயின."
ஐந்து விடைகளில் முதலாவதை அடித்தேன்,
அடிக்கோடிட்டது அப்படியே இருக்கட்டும் என்று.
எங்கள் ஊர் மலைகள் ஏழு மாதம் தூங்குகிறவைதான்.
இதில் என்ன பிழை?

பிழை, என்றது விடைப்பக்கம்.
தூங்கியது யார்?
எச்சம் முன்னால் வந்து நின்றால்
காற்புள்ளி தாண்டியதும் முதல் இருக்கை
அந்தச் செயலைச் செய்தவருக்கு.
வேறு யாரும் உட்காரக் கூடாது,
மலையே ஆனாலும்.

வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
வெப்பக்குழாய் கொதிப்பதால்
ஜன்னலை ஒரு விரற்கடை திறந்து வைத்திருக்கிறேன்.
நிலக்கரிப் புகை உப்புத் தேநீரில் படிகிறது.
தேர்வுக்கு ஒன்பது நாள்.
தேறினால் உலான்பாத்தர்,
பிறகு எங்கேயோ ஒரு வணிகப் பள்ளி,
செம்புத்தூசி படியாத தலையணை.

நாற்பத்திரண்டு சரி.
அடுத்ததில்,
"காவலாளி பார்த்தான் நூடுல்ஸ் தின்னும் நாயை."
"காவலாளி பார்த்தான் நாயை, நூடுல்ஸ் தின்றபடி."
ஒரு காற்புள்ளியில் கிண்ணம் கைமாறிவிடுகிறது.
தனியாகச் சிரித்தேன்.

நாற்பத்து நாலில் ஒரு லாரி வந்தது.
ஆரஞ்சுப் பழம் ஏற்றிய, யாருடையதோ ஒரு லாரி.
பென்சில் நின்றுவிட்டது.

அக்டோபரில் மேற்பார்வையாளர் பூரெவ் சொல்லச் சொல்ல
அயல்நாட்டுப் பங்குதாரர்களுக்காக
நான் ஆங்கிலத்தில் எழுதிய அறிக்கை:
"மூன்று ஷிஃப்டும் விடாமல் ஓட்டி, லாரி சரிவில் கவிழ்ந்தது."
மூன்று பேர் படித்துக் கையெழுத்திட்டார்கள்.
ஒருவர் பல்லிலும் கல் கடிபடவில்லை.
ஓட்டியது லாரியாம்.
இருபத்து நாலு மணி நேரம் கண் விழித்ததும்
லாரிதானாம்.
நட்டஈட்டுக் கோப்பும் அதன் பேரில்தான் திறந்தது,
சக்கரத்துக்கும் முன்கண்ணாடிக்கும் பணம் வந்தது.

இன்றுதான் திருத்துகிறேன்,
புத்தக ஓரத்தில், பென்சிலால்.
"மூன்று ஷிஃப்டும் விடாமல் ஓட்டி, சோய்ஜில்..."
இலக்கணம் சரி.
இருந்தும் இடிக்கிறது.
அவனாகவா ஓட்டினான்?
எச்சத்துக்கு இன்னொரு உடுப்பும் உண்டு,
செய்தவன் போடுவதல்ல,
செய்யவைக்கப்பட்டவன் போடுவது.
"மூன்று ஷிஃப்டும் ஓட்டவைக்கப்பட்டு, சோய்ஜில்..."
இப்போது அவன் தன் இருக்கையில்,
இடுப்பெலும்பு நொறுங்கி.

வைத்தது யார் என்று
இந்தப் புத்தகம் கேட்பதில்லை.
செயப்பாட்டுவினை தன்னளவில் தவறில்லை
என்கிறது நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்.

ஒரு கேள்விக்கு எண்பது நொடி.
நான் ஒரு மணி நேரமாய் இதே பக்கத்தில்.
மேல்மாடியில் சோய்ஜிலின் ஊன்றுகோல்
அடுப்படி வரை போய்த் திரும்புகிறது.
இரவில் நடந்தால்தான் வலி அடங்குமாம்,
படிக்கட்டில் அவன் மனைவி துல்மா சொன்னாள்,
என்னிடம் சாதாரணமாக,
பனிச்சப்பாத்தைத் தட்டிக்கொண்டே.

கடைசியாக ஒன்று எழுதிப் பார்க்கிறேன்:
"ஷிஃப்ட் பட்டியலைத் தட்டச்சு செய்து,
ஒரே பெயர் மூன்று வரியிலும் வருவதைப் பார்த்து,
பூரெவிடம் ஒன்றும் கேட்காமல் அச்செடுத்து,"

மூன்று எச்சங்கள்.
மூன்றும் ஒரே ஆளைத்தான் தேடுகின்றன.
காற்புள்ளி போட்டாயிற்று.
மேலே தடிச் சத்தம் நின்றுவிட்டது.
தேநீரில் ஆடை கட்டியிருக்கிறது.

கூராகவே இருக்கும் பென்சிலை
மறுபடி சீவுகிறேன்.